கரையில் நட்ட கதவு

கதவு நினைத்ததைவிடச் சுலபமாகக் கழன்றது. மேல் கீலின் கடைசித் திருகாணியை எடுத்ததும் அது அப்படியே ராமிரோவின் தோளில் சாய்ந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வீடு காலி. கட்டில் கிடந்த இடத்தில் மட்டும் தரை பழைய நிறத்தோடு இருந்தது.

"என்ன மாப்ள, அதோட டான்ஸ் ஆடப் போறியா? பாட்டு வேணும்னா வண்டில போடறேன்," என்று பெர்த்தா கத்தினாள்.

பெர்த்தா காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். மெதுவாகப் பேசும் பழக்கமே அவளுக்கு வரவில்லை. ராமிரோவின் மனைவி மாரிபெல்லையும் அவளுடைய அக்கா ஒடிலியாவையும் சடை பின்னிய வயதிலிருந்து ஏற்றி இறக்கியவள். அந்த உரிமையில்தான் ராமிரோவை அவள் மாப்பிள்ளை என்று கூப்பிடுவது. அவள் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் ஒடிலியா மடியில் பெயின்ட் டப்பாக்களை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கவில்லை. தங்கை செத்துக்கிடந்த வீட்டுக்குள் அவள் அதற்குப் பிறகு காலெடுத்து வைத்ததே இல்லை.

மாரிபெல் போன பிப்ரவரியில் இறந்தாள். வருடம் திரும்பப் போகிறது. ராமிரோ இன்னும் அழவில்லை. அழுகை வராததை முதலில் அவன் கவனித்தான். பிறகு ஊர் கவனித்தது. பிறகு ஊரே அதற்கொரு காரணமும் கண்டுபிடித்து, பாவம், உள்ளுக்குள்ளேயே மறுகுகிறான் என்று சொல்லிக்கொண்டது. அவன் மறுக்கவில்லை. அடுத்த வாரம் அவன் ஃப்ரெஸ்னோவுக்குப் போகிறான், அண்ணன் வீட்டுக்கு. இங்கே வீட்டை வாங்க ஆளில்லை. போகிறவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் முன்கதவை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்க் கரையில் நட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அதை ஆரம்பித்து வைத்தது பெர்த்தாதான். படகு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஊரைக் காலிசெய்தபோது, "போறதுன்னா கடல்கிட்ட சொல்லிட்டுப் போ, திருடன் மாதிரி போகாத" என்று அவர் கதவைப் பிடுங்கித் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தினாளாம். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு கதவும் அந்தந்தச் சமயத்தில் தண்ணீர் எங்கே இருந்ததோ அங்கே நடப்பட்டது. கடல் என்று ஊரில் சொல்வார்கள், உண்மையில் பாலைவனத்துக்கு நடுவே ஒரு ஏரி. வயல்களிலிருந்து வடிகிற தண்ணீர்தான் அதற்கு வரத்து. அந்த வரத்து வருடத்துக்கு வருடம் குறைந்தது, கடல் பின்வாங்கிக்கொண்டே போனது. கதவுகளும் பின்னாலேயே போயின. இப்போது முதல் கதவிலிருந்து பார்த்தால் தண்ணீர் ஒரு கோடு. வழக்கப்படி, கதவில் வீட்டுக்கு உள்பக்கமாக இருந்த முகம் தண்ணீரைப் பார்க்க வேண்டும், அதில் குடும்பம் கடலுக்குச் சொல்ல வேண்டியதை எழுத வேண்டும். படகுக்காரர் எழுதியது: என் வாடிக்கைக்காரர்கள் எங்கே? ஒரு வயதான தம்பதி எழுதியது: உன்னைப் பார்த்துத்தானே இந்த வீட்டை வாங்கினோம். ஒரு கதவில் வெறும் கெட்ட வார்த்தை, அதுவும் மிக அழகான கையெழுத்தில்.

ஒடிலியா எழுதப்போவது ஊருக்கே தெரியும். 'கடல்தான் என் தங்கையைக் கொன்றது.' ஒரு வருடமாக அவள் அதைச் சொல்லி வருகிறாள். காய்ந்த படுகையிலிருந்து கிளம்பும் தூசி பற்றிய பொதுக்கூட்டங்களில் மாரிபெல்லின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னாள். கடைசிக் கூட்டத்தில் மேடையிலிருந்த அதிகாரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமிரோவைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சேர்த்துச் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். "இல்லை" என்றான் ராமிரோ. அறை முழுக்க அவனுக்காக அமைதியானது. அந்த அமைதி ஒரு போர்வையைப்போல இதமாக இருந்தது. அது இதமாக இருந்ததைத்தான் அவனால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

வண்டியைக் கரைமேட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். கீழே இறக்கினால் மண்ணின் மேல் ஓடு உடைந்து சக்கரம் சேற்றில் மாட்டிக்கொள்ளும். ராமிரோவும் ஒடிலியாவும் கதவை முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். உப்போடு காய்ந்த மண் காலடியில் அப்பளம்போல நொறுங்கியது. தூரத்தில் வெள்ளை மணலாகத் தெரிவது கிட்டே போனால் மணல் இல்லை, மீன் முள்ளும் சிப்பியும். எதிர்க்கரையில் நிலச்சூட்டில் மின்சாரம் எடுக்கிற ஆலைகளின் ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. காற்று இன்னும் எழவில்லை. இரண்டு பேர் முன்னும் பின்னும் தூக்கிப்போகிற பலகை எதைப்போல இருக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனாலேயே பெர்த்தா கையில் டப்பாக்களோடு விடாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

நடுவில் ஒரு சிவப்புக் கதவருகே வெளியூர்ப் பெண்ணொருத்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்க, அவளுடைய ஆள் படமெடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பெர்த்தாவிடம் கேட்டாள்: "ரொம்ப அழகா இருக்கு. இது யாரோட கலைப்படைப்பு?"

"இது எங்க தெரும்மா," என்றாள் பெர்த்தா. "நீ சாஞ்சு நிக்கிறது தபால்காரர் வீடு. கால தொடச்சிட்டு நில்லு."

அந்தப் பெண் நிஜமாகவே தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஒடிலியா சிரித்துவிட்டாள். கதவின் மறுமுனையில் அந்தச் சிரிப்பு ராமிரோவின் கைக்கு அதிர்வாக வந்து சேர்ந்தது. மாரிபெல்லும் இப்படித்தான், சத்தம் வராமல் தோளால் சிரிப்பாள்.

அவள் சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் இழுப்பு. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ராமிரோ சான் டியாகோவில் சுற்றுச்சூழல் படித்துவிட்டு வந்து, காய்ந்த ஏரிப்படுகையில் தூசி கிளம்பாமல் இருக்க உழுது வைக்கோல் கட்டுகளை அடுக்குகிற வேலையில் சேர்ந்திருந்தான். இன்னும் இரண்டு வருடத்தில் தூசி அடங்கிவிடும் என்று சொல்லி அவளை இங்கேயே இருக்க வைத்தது அவன். குறைந்த விலைக்கு வருகிறது என்று வீட்டைப் பார்த்துக் கொடுத்தது ஒடிலியா. காற்று வருகிறது என்று எச்சரிக்கை வந்தால் ஊரே சன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டும், கதவுக்கு அடியில் ஈரத்துண்டைத் திணிக்கும். ராமிரோ அதை மற்றவர்களைவிடச் சுத்தமாகச் செய்தான். மெழுகுவத்தியைக் கொளுத்திச் சுவர் ஓரமாக மெல்லக் கொண்டுபோவான். சுடர் ஆடுகிற இடத்தில் டேப். சன்னல், குழாய் நுழைகிற ஓட்டை, ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் காற்றுத்துளை. எரிவதற்குக் காற்று வேண்டும் என்பது பள்ளிப் பாடம். அன்று அது நினைவுக்கு வரவில்லை. சுடர் அசையாமல் நின்றதுதான் சந்தோஷமாக இருந்தது. "வீடு இப்ப கப்பல் மாதிரி," என்று அவளிடம் பெருமையடித்துக்கொண்டான். கடைசியில் வாசல்கதவு ஓரத்தில் மட்டும்தான் சுடர் ஆடியது. அங்கே, அவன் வேலைக்குக் கிளம்பியபின் அவள் உள்ளிருந்து துண்டு வைப்பாள்.

அந்தப் பிப்ரவரி நாளில் காற்று எச்சரிக்கை இருந்தது. குளிர் வேறு. இரவெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தவள் விடியும் நேரத்தில்தான் தூங்கினாள். ராமிரோ கேஸ் ஹீட்டரைக் கூட்டி வைத்தான். துண்டு வைக்க அவளை எழுப்ப வேண்டும். எழுப்ப மனம் வரவில்லை. வெளியே வந்து, கதவைச் சாத்தி, சுற்றிலும் வெளியிலிருந்தே டேப்பை ஒட்டினான். விரலால் நீவி நீவி, ஒரு சுருக்கமில்லாமல். மாலை திரும்பி வந்து அதை ஒரே இழுப்பில் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "காத்து வந்துச்சா?" என்று கேட்டபடிதான் உள்ளே போனான்.

பழைய ஹீட்டர், அடைத்த வீடு, மணமில்லாத விஷவாயு என்றார்கள். யார் அடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் அது கேட்கிற கேள்வியே இல்லை. தூசிக்குப் பயந்து அவளே அடைத்துக்கொண்டாள் என்று ஒடிலியா நினைத்தாள், நினைத்ததைச் சொன்னாள், சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது. சட்டைப்பையில் உருண்டையாக இருந்த டேப்பை ராமிரோ மருத்துவமனைக் குப்பைத்தொட்டியில் போட்டான். அவ்வளவுதான். அவ்வளவு லேசாக அது கையை விட்டுப் போனது.

பெர்த்தா முந்தின நாளே நிலையை நட்டு, கால்களைச் சுற்றிக் கல்லைப் போட்டு இறுக்கி வைத்திருந்தாள். தண்ணீர் பத்தடி தள்ளி அசையாமல் கிடந்தது. முட்டை அழுகிய வாடை. கரையில் கிடந்த ஒரு பழைய மேசையில் கதவைக் கிடத்தினார்கள், வெளிப்பக்கம் மேலாக. உள்பக்கத்துக்கு நேற்றே, வீட்டில் மாட்டியபடியே, சாம்பல் நிற முதல் பூச்சு அடித்தாயிற்று என்பதால், இன்று வெளிப்பக்கத்தைத் தேய்த்து ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டு மாட்ட வேண்டியதுதான். நேற்று அந்த வேலையை ராமிரோவே செய்துவிட்டு, வெளிப்பக்கத்தையும் தேய்த்துவிடலாம் என்று வெளியே வந்தவன், ஏனோ தொடாமல் விட்டுவிட்டிருந்தான். ஏன் என்று அவனே கேட்டுக்கொள்ளவில்லை.

வெயில் தண்ணீருக்கு மேலே ஏறிக் கதவின்மேல் சாய்வாக விழுந்தது. ஒடிலியா உப்புத்தாளை மடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நாலு இழுப்பிலேயே தாள் சிக்கியது.

"இதென்ன, ஓரமெல்லாம் பிசினா இருக்கு?" என்றாள்.

பெர்த்தா எட்டிப் பார்த்தாள். "டேப்பு ஒட்டின தடம். வழிச்சு எடுக்கணும். இல்லன்னா பெயின்ட் நிக்காது, தோலு மாதிரி உரிஞ்சிரும்."

ஒடிலியா விரலை வைத்தாள். இரண்டு விரல் அகலத்துக்கு, மங்கலாக, தூசி படிந்து கறுத்த ஒரு பட்டை. விரல் இடது ஓரமாக மேலே போனது, தலைப்பக்கம் குறுக்கே போனது, வலது ஓரமாக இறங்கியது. ராமிரோ அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழ் ஓரத்தையும் கடந்து, தொடங்கிய மூலைக்கே வந்து அது நின்றது.

"தெருப் பிள்ளைங்க பேய்ப் பண்டிகைக்கு ஏதாச்சும் ஒட்டியிருக்கும்," என்றாள் பெர்த்தா. "எலும்புக்கூடு, பூசணிக்கா, ஏதோ ஒரு எழவு. என் பஸ்ஸுல ஒட்டாததா."

"நாலு பக்கமுமா?"

பெர்த்தா ராமிரோவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, ஆடாமல் நின்றுகொண்டிருந்த நிலையிடம் போய் அது ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்தாள்.

"ஒடிலியா..." என்றான் ராமிரோ.

"நீ பேசாத." அவள் நிமிரவில்லை. விரலை அந்த மூலையிலிருந்து எடுக்கவுமில்லை. "நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லு. அன்னைக்கு நீ கெளம்பறப்ப அவ முழிச்சிருந்தாளா?"

"இல்ல."

"எழுப்பலையா?"

"ராத்திரி பூரா இழுத்துக்கிட்டே இருந்தா. அப்பதான் கண்ணசந்தா."

இத்தனை நாளில் அவன் மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான். மண்டியிட்டு, கத்தி, கடிதமாக, போலீசாரிடம். இப்படி, கேட்ட கேள்விக்குப் பதிலாக, பால்காரனிடம் கணக்குச் சொல்வதைப்போல வெளியே வரும் என்று நினைத்ததில்லை. அவள் அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைய வேண்டும் என்று விரும்பினான் என்றே சொல்லலாம். ஒடிலியா கதவின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். அவள் முதுகு மட்டும் மேலும் கீழுமாக அசைந்தது.

"அந்த வீட்ட நான்தான் பாத்துக் குடுத்தேன்," என்றாள். "ஆஸ்துமாக்காரிக்கு."

பிறகு பெர்த்தாவிடம் பிசினைக் கரைக்கத் தின்னர் கேட்டாள். பழந்துணியை நனைத்துப் பிசினை ஊறவிட்டு, தகட்டால் வழிக்கத் தொடங்கினாள். ராமிரோ இன்னொரு தகட்டை எடுத்தபோது அதைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். அழுத்தமாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், அவன் ஒட்டியபோது நீவிய அதே பாதையில் அவள் வழித்துக்கொண்டு போனாள். பிசின் கருப்புத் திரிகளாக உருண்டு விழுந்தது. அவள் சுரண்டச் சுரண்ட மரம் வெளுத்தது. அவள் எதை அழிக்கிறாள் என்று ராமிரோவுக்குப் புரிந்தது. அவளுக்கும் வேறு வழியில்லை என்பதும் புரிந்தது. கடல் குற்றவாளி இல்லையென்றால் அவளிடம் மிஞ்சுவது இவனும் தானும்தான். தடுக்க வேண்டும் என்று நினைத்தான். தகடு மரத்தில் இழுபடும் சத்தத்தில் உள்ளே எதுவோ மெல்லத் தளர்ந்தது. அது நிம்மதிதான் என்று தெரிந்ததும் அவனுக்கு வாயெல்லாம் கசந்தது.

வெளிப்பக்கம் பூசி மாட்டி முடிப்பதற்குள் மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பிவிட்டது. காய்ந்த படுகை நெடுகத் தூசி முழங்கால் உயரத்துக்கு எழுந்து கதவுகளுக்கு ஊடே ஓடி வந்தது. வெளியூர்க்காரர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். "நாளைக்கு வச்சுக்கலாமா?" என்றாள் பெர்த்தா, வண்டிப் பக்கம் நடக்கத் தொடங்கியபடி. ஒடிலியா கழுத்துத்துணியை மூக்குக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, மஞ்சள் டப்பாவையும் தூரிகையையும் எடுத்தாள்.

"நீ இந்தப் பக்கமே நில்லு," என்றாள் ராமிரோவிடம். "குமிழப் புடிச்சு இழுத்து வச்சுக்க. காத்து என் மேல தள்ளுது."

அவள் தண்ணீர்ப்பக்கம் போனாள். அவன் கரைப்பக்கம் நின்று, காற்று முதுகில் அறைய, கதவை இழுத்துச் சாத்திப் பிடித்துக்கொண்டான். ஈரப் பூச்சு படாமல் இருக்க உடம்பைத் தள்ளி வைத்துக்கொண்டான். உள்ளே கூடான கதவு. தூரிகை முதலில் பட்டது மெல்லிய தட்டலாகக் கைக்கு வந்தது. நீளமான ஒரு இழுப்பு. இன்னொன்று. என்ன எழுத்து என்று கண்டுபிடிக்க முயன்றான், முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தூரிகை நின்றது. காற்று மட்டும் இரைந்தது. அப்புறம் அவள் இருமினாள். வறட்டு இருமல். ஒன்றல்ல, தொடர்ச்சியாக, மூச்சை உள்ளே இழுக்க இடமில்லாததைப்போல.

"ஒடிலியா?"

மறுபடி இருமல். குமிழ் அவன் கைக்குள் குளிர்ந்திருந்தது. இழுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் கையை விட்டான்.

காற்று கதவை அடித்துத் திறந்தது. ஒடிலியா துள்ளி விலகினாள். மஞ்சள் பெயின்ட் அவள் கால்சட்டையில் சிதறியது. "புடிக்கச் சொன்னேன்ல! கழுத!" என்று கத்தினாள். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்தது. "செத்தா போயிட்டேன்?"

அந்தச் சொல் வெளியே வந்தபின் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூசி நிலைவழியே புகுந்து இருவருக்கும் நடுவில் ஓடியது. திறந்து கிடந்த கதவில் மாரிபெல் என்ற பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே கதவு முழுக்க வெறும் சாம்பல் நிறம்.

"மத்தது?" என்றான்.

"வரல." அவள் தூரிகையைப் பார்த்தாள். "ஒரு வருஷமா எல்லா எடத்திலயும் சொன்னது. கைக்கு வரமாட்டேங்குது." மூக்குத்துணியைக் கீழே இழுத்துத் துப்பினாள். பிறகு தூரிகையை அவன் பக்கம் நீட்டினாள். "நீ எழுது."

"என்ன எழுதறது?"

"எங்கிட்ட கேக்காத. அவ உன் பொண்டாட்டி."

"ஒடிலியா, ஊர்ல எல்லாரும்..."

"ஊரு பாக்கட்டும். தண்ணி பாக்கட்டும். எவன் வேணா பாக்கட்டும். நான் இன்னைக்கு பாக்க மாட்டேன்."

மேட்டிலிருந்து பெர்த்தா வண்டியின் ஹாரனை ஒருமுறை அடித்தாள், பிள்ளைகளைக் கூப்பிடுவதைப்போல. இருவரும் திரும்பவில்லை. ராமிரோ தூரிகையை வாங்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர்ப்பக்கம் வந்தான். ஒடிலியா அவனைக் கடந்து கரைப்பக்கம் போனாள். போனவள் குமிழைப் பிடித்துக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

இந்தப் பக்கம் காற்று இல்லை, தூசி மட்டும் சுற்றி வந்து இறங்கியது. பெயரின் ஈரத்தில் ஒவ்வொரு மணியாக ஒட்டி, மஞ்சள் மெல்லப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. ராமிரோ தூரிகையை டப்பாவில் முக்கி எடுத்தான். சொட்டு ஒன்று திரண்டு தொங்கியது. எதிரே, அவன் இடுப்பளவு உயரத்தில், மறுபக்கம் அவள் இறுக்கிப் பிடித்திருந்த குமிழ் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது.